வாய் வெந்துபோனால் முதலில் பேஸ்டைப் பாருங்கள்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் யாரிடமாவது "வாய் வெந்து கெடக்கு" என்று சொல்லிப் பாருங்கள், வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. தக்கலை பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவர் மணத்தக்காளி சொல்வார், மீன் கொண்டுவரும் அக்கா கடல் தண்ணியில் கொப்பளிக்கச் சொல்வார், வீட்டுக்கு வந்தால் மைனி, அதாவது அண்ணி, கிராம்பு எண்ணெய்க் குப்பியோடு நிற்பார். எல்லாமே இயற்கை, அதனால் ஒன்றும் செய்யாது என்று கூடவே ஒரு உத்தரவாதமும் கிடைக்கும். நான் வாய்ப்புண் அடிக்கடி வருகிற ஆள். புண் இல்லாத நாளிலும் நாக்கின் ஓரமும் கன்னத்தின் உட்பக்கமும் திகுதிகுவென்று எரியும். அதனால் இந்த வைத்தியங்களில் முக்கால்வாசி என் வாய்க்குள் போய் வந்தவைதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எரிகிற வாய்க்கு இயற்கையா ரசாயனமா என்ற கேள்வி பெரிதாக உதவாது. உறுத்துமா உறுத்தாதா என்றுதான் பார்க்க வேண்டும். உறுத்துகிற இயற்கைப் பொருள் நம் மாவட்டத்திலேயே ஏக்கர் கணக்கில் விளைகிறது.

முதலில் பேஸ்ட். பல் தேய்த்துவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் கன்னத்தின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள், வெள்ளையாய் ஒரு மெல்லிய ஏடு உரிந்து வருகிறதா? வலி இருக்காது, கையில் எடுத்துப் பார்த்தால் வேகவைத்த முட்டை ஓட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தோல் மாதிரி இருக்கும். பேஸ்ட் சரியாகக் கழுவிப் போகவில்லை என்று நினைத்துப் பலர் இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். அது பேஸ்ட் மிச்சம் இல்லை, உங்கள் வாயின் மேல்தோல். நுரை வருவதற்காகப் பேஸ்டில் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பொருள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறது. எஸ்.எல்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள், ஷாம்பூவில் நுரை வருவதும் பல நேரம் இதனால்தான். பேஸ்டில் சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான் இருக்கும். பல் தேய்த்த உடனே கட்டன்சாயா, அதாவது பால் விடாத டீ, குடித்தால் இனிப்பே தெரியாமல் ஒரு கசப்பு வருகிறதே, அதிலும் இதற்குப் பங்கு உண்டு.

எல்லாருக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போகாது. என் வீட்டுக்காரர் எந்தப் பேஸ்டைக் கொடுத்தாலும் தேய்ப்பார், ஒன்றும் ஆகாது. ஆனால் திரும்பத் திரும்ப வாய்ப்புண் வருகிறவர்களிடம் நடந்த ஆய்வுகளில், எஸ்.எல்.எஸ். இல்லாத பேஸ்டுக்கு மாறியபோது பலருக்குப் புண் குறைந்தது, வந்த புண்ணும் சீக்கிரம் ஆறியது. எல்லா ஆய்விலும் ஒரே முடிவு வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் பேஸ்டை மாற்றிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? ஒரு டியூப் காசு.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற விஷயம் ஒன்று உண்டு. எஸ்.எல்.எஸ். பெரும்பாலும் எதிலிருந்து செய்கிறார்கள் தெரியுமா, தேங்காய் எண்ணெயும் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெயும்தான். நாம் தலையில் தேய்த்து, மீன் பொரித்து, அவியலில் கடைசியாக ஊற்றுகிற அதே எண்ணெய். ஆகவே அட்டைப்பெட்டியில் ‘தேங்காயிலிருந்து பெறப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் போட்டால் அது பொய் இல்லை, ஆனால் நம் வாய்க்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூலிகைப் பேஸ்ட் என்று இலை படம் போட்டு விற்பதிலும் பலவற்றில் எஸ்.எல்.எஸ். இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். இன்னொன்று, மெடிக்கலில் போய் "சென்சிட்டிவ் பேஸ்ட்" என்று கேட்டால் பல் கூச்சத்துக்கான பேஸ்டைத்தான் எடுத்துத் தருவார்கள். அது வேறு விஷயம், அதிலும் சிலவற்றில் எஸ்.எல்.எஸ். உண்டு.

எஸ்.எல்.எஸ். இல்லாத பேஸ்டை வாங்கியும் எரிச்சல் போகவில்லை என்றால் அடுத்து வாசனையைச் சந்தேகப்படுங்கள். புதினா, மென்தால், லவங்கப்பட்டை, கிராம்பு, யூகலிப்டஸ், இதெல்லாம் வாயை ‘ஃப்ரெஷ்’ஷாகக் காட்டுவதற்குச் சேர்ப்பது. லவங்கப்பட்டை வாசனைக்குக் காரணமான பொருள் சிலருக்கு வாயில் அலர்ஜியே உண்டாக்கும், பட்டுபோன்ற தோல் சிவந்து வெந்துபோகும். இது பட்டையிலேயே இருக்கிற பொருள்தான், எங்கோ ஆலையில் கலந்த விஷம் ஒன்றும் இல்லை. மூலிகைப் பேஸ்டுகளில் இந்தக் காரங்கள் சாதாரணப் பேஸ்டைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. குழந்தைகள் பேஸ்ட் பெரும்பாலும் காரம் குறைந்தது, வாய் ரொம்ப வெந்திருக்கும்போது அது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. மவுத்வாஷ் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், ஆல்கஹால் கலந்தது என்றால் கண்டிப்பாக.

ஃப்ளோரைடைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘இயற்கை’ என்று போனால் முதலில் பறிபோவது அதுதான். பல் சொத்தையைத் தடுப்பதில் நன்றாக நிரூபணமான பொருள் ஃப்ளோரைடு. நம் நாட்டில் பேஸ்டில் 1000 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்குக்கு, மேல் அது இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. வாய் எரிச்சலுக்கும் அதற்கும் பொதுவாகச் சம்பந்தம் இல்லை. எஸ்.எல்.எஸ். இல்லாமல் ஃப்ளோரைடு இருக்கிற பேஸ்ட் தேடினால் கிடைக்கும். புண்ணுக்குப் பயந்து பல்லைக் கோட்டை விட வேண்டாம்.

சரி, பேஸ்டே வேண்டாம், பழைய முறைக்குப் போகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அம்மாச்சி கடைசிவரை உமிக்கரியும் உப்பும்தான். பல் வெள்ளையாகவே இருந்தது, ஆனால் ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப் பக்கம் தேய்ந்து பள்ளம் விழுந்து, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் முகத்தைச் சுளிப்பார். உமியைச் சுட்டால் மிஞ்சுகிற சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மண்ணில் இருக்கிற அதே சரக்கு. விரலில் எடுத்துத் தேய்க்கும்போது நறநறவென்று சத்தம் கேட்குமே, அது பல்லின் எனாமலும் ஈறும் சேர்ந்து உராய்கிற சத்தம். எனாமல் ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது. அதில் நல்லமிளகும் உப்பும் பொடித்துச் சேர்த்தால் வெந்த வாயில் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சிவப்புப் பல்பொடிகளில் சிலவற்றில் காவி மண் சேர்ப்பார்கள், அதற்கும் இதே கதை.

மாவிலை இன்னொரு ரகம். பழுத்த மாவிலையைச் சுருட்டிப் பல் தேய்க்கிற வழக்கம் கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய ஆட்களிடம் இப்போதும் உண்டு. மாங்காய் பறிக்கும்போது காம்பிலிருந்து தெறிக்கும் பால் உதட்டில் பட்டுப் புண்ணாகிப் பார்த்திருப்பீர்கள். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிற பெண்களின் விரல் வெந்து கருத்துப்போவதும் பார்த்திருப்பீர்கள். மாவும் கொல்லா என்கிற முந்திரியும் ஒரே குடும்பத்து மரங்கள், இரண்டிலும் தோலை அரிக்கும் பொருட்கள் உண்டு, மாவில் அது இலையிலும் தோலிலும் கூட இருக்கிறது. வாய் நன்றாக இருக்கிறவர் தேய்த்தால் தேய்க்கட்டும், எரிச்சல்காரர் பக்கத்திலேயே போக வேண்டாம். வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, வேலங்குச்சி அந்த அளவுக்கு மோசம் இல்லை. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் நுனியை நன்றாக மென்று பஞ்சாக்கிய பிறகுதான் தேய்க்க வேண்டும், அவசரத்தில் சிம்பு குத்தினால் அந்த இடத்திலேயே புண் கிளம்பும். வாய்ப்புண்காரர்களுக்குச் சின்னக் கீறல் போதும். நான் மென்மையான பிரஷ்ஷுக்கே வாக்களிப்பேன்.

இனி, உண்மையாகவே இதமாக இருப்பவை. முதலிடம் உப்புத் தண்ணீருக்கு. ஆனால் அளவு முக்கியம், நம் ஆட்கள் கல்லுப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டு, எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நினைப்பார்கள். ஒரு தம்ளர், அதாவது கால் லிட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் பொடியுப்பு. அது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு, ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் நூற்றுக்கு 0.9 பங்கு, கிட்டத்தட்ட அதே கணக்கு. நம் உடம்பின் நீரும் அந்த அளவில்தான் இருக்கிறது, அதனால்தான் சரியான அளவில் கரைத்தால் எரியாது. கடல் தண்ணீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரை பங்கு. மீன் கொண்டுவரும் அக்கா சொல்வதுபோல் முட்டம் கடற்கரையில் போய் அதை அள்ளிக் கொப்பளித்தால் புண்ணிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கும், உயிர் போகும். கரையோரத் தண்ணீரில் வேறு என்னென்ன கலக்கிறது என்பதை நான் எழுத வேண்டாம். புத்தளம் உப்பளத்து உப்பு வீட்டில் இருக்கிறது, அதில் அரை டீஸ்பூன் போதும். புளிப்பு சாப்பிட்டு வாய் வெந்திருந்தால் உப்புக்குப் பதிலாக அரை டீஸ்பூன் ஆப்பச்சோடாவும் போடலாம், வாயில் இருக்கிற அமிலத்தைக் குறைக்கும். விழுங்காமல் துப்பிவிட வேண்டும், பிரஷர் இருக்கிறவர்கள் முக்கியமாக.

தேங்காய் எண்ணெய். வெந்த வாய்க்கு ஒரு ஸ்பூன் எண்ணெயை வாயில் வைத்து மெதுவாக அசைத்தால் ஒரு வழுவழுப்பு வரும், உணவு உரசாது, அதுவரைக்கும் சுகம். பத்து நிமிடம் தாராளம். இது உடம்பின் விஷத்தையெல்லாம் இழுத்துவிடும் என்று சொல்கிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை. துப்பும்போது வெள்ளையாய்த் திரிந்து வருவது விஷம் இல்லை, எண்ணெயும் எச்சிலும் கலந்தால் அப்படித்தான் ஆகும். பிரஷ் பண்ணுவதற்கு இது மாற்றும் இல்லை. வாஷ்பேசினில் துப்பாமல் தென்னை மூட்டில் துப்புங்கள், மார்கழிக் குளிரில் உறைந்து குழாயை அடைக்கும். விழுங்கச் சிரமப்படுகிற வயசானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்த வேலையே வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

மணத்தக்காளி, சிலர் மிளகுத்தக்காளி என்பார்கள், அதன் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்துச் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கும். புண்ணை ஆற்றுகிறதோ இல்லையோ, அந்த வேளைக்கு வாய்க்குக் காரம் இல்லாத சாப்பாடு கிடைக்கிறது. மார்த்தாண்டம் தேனைப் புண்ணில் தடவினால் இதமாக இருக்கும், ஆனால் ராத்திரி பல் தேய்த்த பிறகு தடவிவிட்டுத் தூங்காதீர்கள், சர்க்கரைதானே. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தேன் நாக்கில் வைக்கவே கூடாது. அதிமதுரம் வாயில் ஒதுக்கிக்கொள்வதும் நல்லதுதான், தினமும் நிறையச் சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும், அதை நாட்டு மருந்துக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிராம்பு எண்ணெய்க்கு வருகிறேன், மைனி படித்தால் கோபப்படுவார். மாறாமலைப் பக்கத்துக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மலைமேல் அந்த மொட்டுகளைக் காயப்போட்டிருக்கும்போது அந்தப் பக்கம் போனால் காற்றே மணக்கும். நல்ல சரக்கு, மறுக்கவில்லை. அதில் இருக்கிற யூஜினால் பல்வலியை மரத்துப்போகச் செய்யும், பல் டாக்டர்களும் உபயோகிக்கிறார்கள். ஆனால் சொத்தைப் பல்லின் குழியில் வைப்பது வேறு, திறந்த புண்ணில் வைப்பது வேறு. மைனி ஒருதடவை தன் உதட்டுப் புண்ணில் பஞ்சில் நனைத்துத் தனி எண்ணெயை அப்படியே அழுத்தி வைத்தார். "ஒண்ணும் செய்யாது மக்ளே, கொஞ்சம் பொறுத்தா சரியாவும்" என்று எனக்கும் நீட்டினார். முதலில் மரத்துப்போய் சுகமாகத்தான் இருந்திருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் பருப்பு அளவு புண் சுற்றிலும் வெளுத்து, வெந்த தோல் சுருங்கி, ஒரு ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. கலக்காத கிராம்பு எண்ணெய் மெல்லிய தோலைச் சுட்டுவிடும், அவ்வளவுதான் விஷயம். அவர் குழம்பு தொட்டுக்கொள்ள முடியாமல் சில நாள் கஞ்சியில் ஓட்டினார். இப்போதும் குப்பியைத் தூக்கிப் போடவில்லை.

சாப்பாட்டில் எதை விடுவது என்பது உங்களுக்கே தெரியும், விடுவதுதான் கஷ்டம். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) காந்தாரி மிளகாய் உடைத்த சம்மந்தித் துவையலும் இலையில் இருக்கும்போது வாய்ப்புண்ணை யார் நினைப்பார்கள். காந்தாரியின் காரம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது, அதனால் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துப் பலன் இல்லை, தயிரோ பாலோ ஒரு வாய் வைத்துக்கொள்ளுங்கள். புளிமுளம் என்கிற மீன்குழம்பும் அப்படித்தான், மறுநாளைக்குச் சுண்டி இன்னும் ருசியாக இருக்கும், இன்னும் எரியும். அதிகம் பேர் கவனிக்காதது கைதச்சக்கை, அன்னாசிப்பழம்தான். ரப்பர் தோட்டத்து இடைவெளியில் விளைந்து மலிவாகக் கிடைக்கும்போது ஆசைப்பட்டு நிறையத் தின்றால் நாக்கு ரணமாகும். புளிப்பு மட்டும் காரணம் இல்லை, அதில் புரதத்தைக் கரைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, வாயின் தோலும் புரதம்தான். சரியாக வேகாத சேனை, சேம்பு தொண்டை வரைக்கும் அரிக்கும், ஊசி முனையுள்ள ஆக்சலேட் படிகங்கள் குத்துவதால். இவற்றுக்குப் பதில் மட்டி வாழைப்பழம் சாப்பிடுங்கள். பச்சைப்பிள்ளைக்கு முதல் சோறாகக் கொடுக்கிற பழம், உறுத்துகிற குணமே இல்லை. பனை சீசனில் நுங்கு. அக்கானியும், அதாவது பதநீரும், குளிர்ச்சியாக இருக்கும், சுண்ணாம்பு அளவாகப் போட்டதா என்று பார்த்துக் குடியுங்கள்.

சுண்ணாம்பு என்றதும் முறுக்கான், அதாவது வெற்றிலை பாக்கு போடுவது. இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வாய் எரிச்சல் என்று வருகிற நம் ஊர்ப் பெரியவர்களில் நிறையப் பேர் வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வைத்தியம் கேட்பார்கள். வெற்றிலை இயற்கை, பாக்கு இயற்கை, சுண்ணாம்பும் சிப்பியைச் சுட்டது. போயிலை போடாமல் பாக்கு மட்டும் மென்றால் ஒன்றும் இல்லை என்பது பெரியப்பாவின் வாதம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் போயிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், வெறும் பாக்கையும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. புற்றுநோய்க்கு முன்னாலேயே பாக்கு இன்னொன்றைச் செய்யும். கன்னத்தின் உட்தோல் மெல்ல மெல்ல வெளுத்து நார் பிடித்து இறுகும், அதன் முதல் அறிகுறியே சாதாரணக் காரம்கூடத் தாங்காமல் வாய் எரிவதுதான். பெரியப்பா குழம்பில் மிளகாய் கூடிப்போச்சு என்று பெரியம்மாவோடு எவ்வளவு காலம் சண்டை போட்டார் தெரியுமா! பிறகு கவளம் பெரிதாக உருட்டினால் வாய்க்குள் போகவில்லை. உங்கள் கையின் நடு மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள், நுழைய வேண்டும். நுழையாவிட்டால் எந்த எண்ணெயையும் தேடாமல் டாக்டரிடம் போங்கள், பாக்கை அன்றைக்கே நிறுத்துங்கள்.

வீட்டு வைத்தியத்துக்கு அடங்காத வேறு சிலதும் உண்டு. ஒரு புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வலியே இல்லாவிட்டாலும், காட்டியாக வேண்டும். வலிக்காத புண்தான் சில நேரம் மோசமானது. கன்னத்தில் வலை பின்னிய மாதிரி வெள்ளைக் கோடுகள், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இவையும் அப்படித்தான். உடைந்த பல்லின் கூர் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருந்தால் அதை ராவிக்கொடுப்பதுதான் மருந்து, தேன் இல்லை. பல்செட் வைத்திருப்பவர்கள் ராத்திரி அதைக் கழற்றி வைக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் பூஞ்சை வந்து நாக்கு எரியும். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் ஆசிட் குறைந்தாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் வாய் எரியும். மாதவிலக்கு நிற்கிற வயதில் பெண்களுக்குக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே நாக்கு எரிவதுண்டு, வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள், டாக்டர் நம்புவார். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களுக்குத் திடீரென்று வாய் முழுக்கப் புண் கிளம்பினால் அன்றைக்கே போக வேண்டும். வாரம் ஒருநாள் போட வேண்டிய மாத்திரையைத் தெரியாமல் தினமும் போட்டுவிட்டு இந்த நிலைக்கு வருகிறவர்கள் உண்டு.

போகும்போது பேஸ்ட் டியூபையும் சாப்பிடுகிற எல்லா மாத்திரைச் சீட்டையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். எண்ணெய், பொடி, கஷாயம் என்று என்னென்ன வாயில் போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மைனி கிராம்பு எண்ணெயைச் சொல்லாமல் விட்டதில் டாக்டர் அந்த வெளுத்த தோலைப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை வரைக்கும் எழுதிவிட்டார்.